காலநிலை மாற்றத்தில் முதுநிலைப் படிப்பு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிகளில் பேசக் கூப்பிடும்போதும், தங்கையின் தோழிகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்திகளிலும் எனக்கு வருவது ஏறத்தாழ ஒரே சந்தேகங்கள்தான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து, எம்.எஸ்சி. வானிலையியல் முடித்து, இப்போது வடகிழக்குப் பருவமழையில் முனைவர் பட்ட ஆய்வின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. "வானிலை படிக்கிறதும் காலநிலை மாற்றம் படிக்கிறதும் ஒண்ணுதானே அக்கா?"

ஒரே குடும்பம், வேறு வேலை. நாளை நுங்கம்பாக்கத்தில் மழை பெய்யுமா என்பது வானிலை. நுங்கம்பாக்கத்தில் ஐப்பசியில் பொதுவாக எவ்வளவு பெய்யும், அது எவ்வளவு ஏறி இறங்கும் என்பது காலநிலை. இதற்கு 30 ஆண்டுக் கணக்கு எடுப்பது வழக்கம், இப்போது 1991–2020. அந்தக் கணக்கே இடம் மாறுகிறது என்றால் ஏன், எவ்வளவு, யாரால், யாருக்கு என்று கேட்பதுதான் காலநிலை மாற்றப் படிப்பு.

அதற்குள்ளும் மூன்று தெருக்கள் உண்டு. 1988இல் உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து உருவாக்கிய ஐபிசிசி (காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு) தன் வேலையை மூன்று குழுக்களாகப் பிரித்திருக்கிறது. முதல் குழுவுக்கு இயற்பியல்: வளிமண்டலம், கடல், பனி. இரண்டாவதற்குப் பாதிப்பும் தகவமைப்பும்: பயிர், மீன், ஊர், நோய். மூன்றாவதற்குத் தணிப்பு: எரிசக்தி, பொருளாதாரம், கொள்கை. எந்தத் தெருவில் நடக்க ஆசை என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

2. "காலநிலை மாற்றம்னு பேர் போட்ட எம்.எஸ்சி. தேடினேன், ரொம்பக் கம்மியா இருக்கே?"

பெயரைத் தேடாதீர்கள், வேலையைத் தேடுங்கள். இந்தப் பாடம் நம் நாட்டில் பல பெயர்களில் ஒளிந்திருக்கிறது. முதல் தெரு என்றால் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் (குசாட்) விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் வானிலையியல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) வளிமண்டல, கடல் அறிவியல் மையமும் 2009இல் தொடங்கிய திவேச்சா காலநிலை மாற்ற மையமும் இருக்கின்றன, எம்.டெக்., பிஎச்.டி. அங்கே உண்டு. டெல்லி ஐஐடியில் வளிமண்டல அறிவியல் மையம். பம்பாய் ஐஐடியில் காலநிலை ஆய்வுகளுக்கென்றே பிஎச்.டி.

இரண்டாவது தெருவுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் வானிலையியல் முதுநிலை. இதற்கு பி.எஸ்சி. வேளாண்மை வேண்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல். ஆய்வு என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் காலநிலை மாற்றம், பேரிடர் மேலாண்மை மையம். மூன்றாவது தெருவுக்கு, பெயரிலேயே காலநிலையும் கொள்கையும் இருக்கும் எம்.எஸ்சி. டெல்லியில் டெரி என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

தனியார் கல்லூரிகளில் இப்போது புதிதாக முளைக்கும் படிப்புகளைப் பற்றி என்னிடம் கேட்காதவர் இல்லை. நான் பார்ப்பது ஒன்றுதான்: பாடம் நடத்துபவர்கள் யார், கடந்த ஐந்து வருடத்தில் எதில் ஆய்வு செய்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் காலியாக இருந்தால் பணம் கட்டாதீர்கள்.

3. "நான் பி.எஸ்சி. தாவரவியல். எனக்கு இதுல இடம் இருக்கா?"

இருக்கிறது, இரண்டாவது தெருவில் நல்ல இடமே இருக்கிறது. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் எந்த மரம் உப்பைத் தாங்குகிறது, நீலகிரிச் சோலையில் பூக்கும் காலம் நகர்கிறதா, இதெல்லாம் இயற்பியல்காரர் கையில் கொடுத்தால் விழிப்பார்கள். நான் விழித்திருக்கிறேன்.

ஆனால் தாவரவியல் முடித்துவிட்டு நேராக வானிலையியல் எம்.எஸ்சி. கேட்டால் வாசலிலேயே நிறுத்துவார்கள். பொதுவாகப் பட்டப்படிப்பில் இயற்பியலும் கணிதமும் எதிர்பார்ப்பார்கள். சண்டை போட்டுப் பயனில்லை. சுற்றுச்சூழல் அறிவியல் வழியாக வாருங்கள்.

4. "மெக்கானிக்கல் முடிச்சு ரெண்டு வருஷம் ஐ.டி.ல இருந்துட்டேன். இனிமே மாறினா சிரிப்பாங்களா?"

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த ஒருவர் செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தார். வேலை பிடிக்காமல் ஐஐஎஸ்சிக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கி, 1975இல் ஒன்றைக் கண்டுபிடித்தார்: அதே குளிர்சாதனப் பெட்டிகளில் ஓடும் குளோரோஃபுளோரோகார்பன், ஒரு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு என்று பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிடப் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. அவர்தான் வீரபத்ரன் ராமநாதன். அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

உங்களுக்கு நடைமுறையில் இரண்டு சாதகங்கள். பாய்ம இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள்; வளிமண்டல இயக்கவியல் என்பது அதையே சுழலும் பூமியின் மேல் ஏற்றி வைப்பது. இன்னொன்று, ஐ.டி.யில் இருந்ததால் நிரல் எழுதப் பயமில்லை. என் வகுப்பில் முதல் ஆறு மாதம் எங்களுக்குத் தண்ணி காட்டியது கணக்கு இல்லை, லினக்ஸ்.

5. "எவ்வளவு கணக்கு தெரிஞ்சா போதும்? உண்மையைச் சொல்லுங்க."

முதல் தெரு என்றால் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் இயற்கணிதம், புள்ளியியல் மூன்றும் வேண்டும். இரண்டாவது, மூன்றாவது என்றால் புள்ளியியல் மட்டும் தப்பவே முடியாது. 40 வருட வெப்பநிலைக் கோடு மேலே போகிறதா, அல்லது தற்செயலா என்று சொல்லத் தெரியாதவர் எந்தத் தெருவிலும் பிழைக்க முடியாது.

6. "கேட், நெட், ஜாம்: எதை எழுதணும்?"

மூன்றும் தேசிய அளவிலான தேர்வுகள். ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம். மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு வேறு நுழைவுத்தேர்வுகள். அவரவர் அறிவிப்பைப் பாருங்கள். எம்.டெக்.கிற்குக் கேட். பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். பலருக்குத் தெரியாத தகவல்: கேட்டில் எக்ஸ்.இ. (பொறியியல் அறிவியல்) தாளில் பொறியியல் கணிதம் கட்டாயம், அதோடு இரண்டு பிரிவுகளை நாமே எடுக்கலாம். அதில் ஒன்று வளிமண்டல, கடல் அறிவியல். சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியலுக்கு 2021இலிருந்து தனித் தாளே இருக்கிறது.

ஆய்வு உதவித்தொகைக்கு நெட். இயற்பியல் பக்கம் என்றால் சிஎஸ்ஐஆர் நெட்டின் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் தாள். சுற்றுச்சூழல் பக்கம் என்றால் யுஜிசி நெட். கேட் வழியாகச் சேர்ந்த எம்.டெக். மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய், நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 முதல் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. வீட்டில் பேசும்போது இந்த எண்களை முதலில் சொல்லுங்கள், கரியமிலவாயுவை அப்புறம் சொல்லலாம்.

7. "ஐஐடிஎம்ல சீட் கிடைச்சிருக்கு. கிண்டியில ஹாஸ்டல் நல்லாருக்குமா?"

சேர்க்கைக் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஐஐடிஎம் என்று இரண்டு இருக்கிறது. ஒன்று கிண்டியில் மான் மேயும் சென்னை ஐஐடி. இன்னொன்று புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், 1962இல் தொடங்கியது. பருவமழை ஆராய்ச்சி என்றால் இரண்டாவதுதான் தாய்வீடு. இதைக் கேட்ட பையன் புனேக்குத்தான் போனான், சப்பாத்திக்கும் பழகிவிட்டான்.

8. "கோடிங் சுத்தமா தெரியாது. சமாளிக்க முடியுமா?"

சேர்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் பருவத்துக்குள் பைத்தான் வந்தாக வேண்டும். தரவுகள் பெரும்பாலும் நெட்சிடிஎஃப் என்ற கோப்பு வடிவில் வரும், எக்செல்லில் திறக்காது. நல்ல சேதி, தரவு பெரும்பாலும் இலவசம். இந்திய வானிலைத் துறை 1901 முதல் நாள்வாரி மழையைக் கால் டிகிரிக் கட்டங்களாகத் தருகிறது. ஐரோப்பிய வானிலை மையம் அளவீடுகளையும் கணினி மாதிரியையும் சேர்த்துக் கட்டிய ஈஆர்ஏ5 தொகுப்பு 1940இலிருந்து மணிக்கு மணி இருக்கிறது.

நிரல் எழுதுவதைவிடத் தரவின் குணம் அறிவது கடினம். என் முதல் வரைபடத்தைச் சொல்கிறேன். தமிழ்நாட்டு மழைச் சராசரி போட்டேன். கடற்கரை முழுக்க மைனஸில் வந்தது, கன்னியாகுமரியில் மழை பெய்வதற்குப் பதில் நிலத்திலிருந்து மேலே போகிறது என்பதுபோல. காரணம், கடல் மேல் உள்ள கட்டங்களில் தரவு இல்லை என்பதற்கு −999 என்று எழுதி வைத்திருப்பார்கள். நான் அதையும் மழை என்று கூட்டிவிட்டேன். மூன்று கட்டத்தில் 10 மி.மீ., நாலாவதில் −999 என்றால் சராசரி −242. ஒரு வாரம் போனது.

அடுத்த பொறி: ஈஆர்ஏ5இல் மழை மீட்டரில் இருக்கும், ஆயிரத்தால் பெருக்க வேண்டும். வெப்பநிலை கெல்வினில். அதைவிட நுணுக்கம், 'நாள்' என்பது எது? நம் வானிலைத் துறைக்கு மழை நாள் காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை, முடியும் தேதியில் பதிவாகும். அதனால் 2015 டிசம்பர் 1 அன்று சென்னையில் கொட்டிய மழை ஏட்டில் டிசம்பர் 2 என்று இருக்கும். ஈஆர்ஏ5 நள்ளிரவுக்கு நள்ளிரவு, அதுவும் கிரீன்விச் நேரத்தில். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து 'ஒத்துப்போகவில்லை' என்று முடிவு எழுதிய ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன்.

9. "'தமிழ்நாட்டில் காலநிலை மாற்றத்தின் தாக்கங்கள்' – ஆய்வுத் தலைப்பு ஓகேவா?"

இது தலைப்பு இல்லை, தாலுகா ஆபீஸ் பெயர்ப்பலகை. எந்த மாற்றம், எந்த இடம், எந்தக் காலம், எதன் மேல் தாக்கம் என்று நான்கையும் பிடித்துக் கட்டுங்கள். 'தாமிரபரணிப் படுகையில் 1981 முதல் வடகிழக்குப் பருவத்தில் வறண்ட நாள்களின் நீளம் மாறியிருக்கிறதா' என்றால் ஒரு எம்.எஸ்சி. ஆய்வு ஆறு மாதத்தில் முடியும், முடிவும் யாருக்காவது உதவும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதை யாரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம். இந்தியாவில் பருவமழை ஆராய்ச்சி என்றால் முக்கால்வாசி தென்மேற்குப் பருவமழைதான். டெல்லிக்கும் மும்பைக்கும் அதுதான் மழை. தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வருகிறது. அதை ஆராய்பவர் குறைவு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததே, புயலே இல்லாமல், வெறும் மேலடுக்குச் சுழற்சியில். அதில் மட்டும் எத்தனை ஆய்வேடு இருக்கிறது!

தலைப்போடு ஆளையும் சேர்த்துப் பாருங்கள். நெறியாளரின் பெயரைவிட அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களிடம் பேசுங்கள். எனக்கு முதலில் கிடைத்த நெறியாளர் எட்டு மாதத்தில் இரண்டே முறைதான் என் கட்டுரையைப் படித்தார். மாற்றிக்கொள்ள மனு எழுதிய அன்று கை நடுங்கியது, ஆனால் எழுதினேன். விதிகளில் அதற்கு வழி இருக்கிறது.

10. "2015 சென்னை வெள்ளத்துக்குக் காரணம் காலநிலை மாற்றம்னு வைவாவில் சொன்னேன். எக்ஸ்டெர்னல் கிழிச்சுட்டார். நான் சொன்னது தப்பா?"

தப்பு என்பதைவிட அவசரம். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். உலக அளவில் பெருமழைகள் வலுக்கின்றன என்பதற்கு ஆதாரம் உறுதி. இதுவரை நீங்கள் சரி. ஆனால் இந்தக் குறிப்பிட்ட மழைக்கு என்று வரும்போது தனியாகக் கணக்குப் போட வேண்டும். சூடாகாத உலகில் இப்படியொரு மழை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும், இன்றைய உலகில் எத்தனைக்கு ஒருமுறை என்று இரண்டையும் ஒப்பிடுவார்கள். காரணம் கற்பித்தல் என்று இந்தத் துறைக்குப் பெயர்.

சென்னை மழைக்கு அப்படிச் செய்த ஒரு சர்வதேசக் குழு 2016இல் வெளியிட்ட முடிவு பலருக்கு அதிர்ச்சி: புவி வெப்பமாதலின் பங்கைப் பிரித்தறிய முடியவில்லை. காற்றிலுள்ள மாசுத் துகள்கள் சூரிய ஒளியை மறைத்து, பசுங்குடில் வாயுக்களின் விளைவை இதுவரை ஈடுகட்டியிருக்கலாம் என்றார்கள். பசிபிக் கடல் சூடாகி நம் மழையையும் மாற்றும் எல் நினோ அந்த ஆண்டு வலுவாக இருந்தது. ஏரி திறந்த நேரம், பள்ளிக்கரணையில் நின்ற கட்டடங்கள் எல்லாம் வெள்ளத்தின் கணக்கு. மழையின் கணக்கு இல்லை. மழை வேறு, வெள்ளம் வேறு என்று பிரித்துச் சொல்லியிருந்தால் அவர் பாராட்டியிருப்பார்.

'பங்கு தெரியவில்லை' என்பதை 'காலநிலை மாற்றம் பொய்' என்று திரித்து யாராவது முகநூலில் எழுதுவார்கள். அதற்கும் தயாராக இருங்கள்.

11. "வெளிநாடு போனாத்தான் மதிப்பா?"

போனால் கற்கலாம், போகாவிட்டாலும் குடி முழுகாது. பணம் கட்டி ஓராண்டு பிரிட்டன் முதுநிலை என்றால் கல்விக்கடனையும் திரும்பிய பின் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஈஸ்ட் ஆங்லியா, ரெடிங் இரண்டும் இந்தத் துறையில் பழம்பெருமை உள்ள இடங்கள்தான், ஆனால் பெருமை வட்டி கட்டாது. ஜெர்மனியில் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலேயே காலநிலை முதுநிலை உண்டு. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்கு ஒரு சிறு தொகையும் வாழ்க்கைச் செலவும்தான். அமெரிக்காவில் பட்டப்படிப்பு முடித்ததும் நேராகப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம், தேர்வானால் பெரும்பாலும் செலவை அவர்களே ஏற்பார்கள்.

12. "வேலை? எங்கம்மா 'மழை வருமான்னு சொல்ல எம்.எஸ்சி.யா'ங்கிறாங்க."

அம்மா கேட்பது நியாயம். வானிலைத் துறையில் அறிவியல் உதவியாளர் வேலைக்கு இந்தப் படிப்பே தேவையில்லை, 2022இல் எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) 990 இடங்களுக்கு அழைத்தபோது இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட பி.எஸ்சி.யே போதுமாக இருந்தது. விஞ்ஞானி பதவிக்குத்தான் முதுநிலை. சென்னையிலேயே பள்ளிக்கரணையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகமும் கடலோர ஆய்வு மையமும் இருக்கின்றன. திட்டப் பணிகளுக்கு அடிக்கடி ஆள் எடுப்பார்கள். ஒப்பந்த வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். தரமணியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். தமிழ்நாடு அரசின் பசுமைக் காலநிலை நிறுவனம் 2022இல் வந்த பிறகு மாவட்ட அளவிலும் சில கதவுகள் திறந்திருக்கின்றன.

தனியார் பக்கம் யாரும் கவனிக்காத ஒன்று காற்றாலை. முப்பந்தலில் நிற்கும் ஆலைகள் மறுநாள் எவ்வளவு மின்சாரம் தரும் என்பதை 15 நிமிடத் துண்டுகளாக, நாளுக்கு 96 எண்களாக, முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதிகம் பிசகினால் அபராதம். அங்கே வளிமண்டலமும் நிரலும் தெரிந்தவருக்கு நல்ல மதிப்பு. என்னோடு படித்த இருவர் அதில்தான் இருக்கிறார்கள், என்னைவிட இரண்டு மடங்கு வாங்குகிறார்கள்.

இன்னொன்று நிறுவன அறிக்கை வேலை. பங்குச்சந்தையில் முதல் 1000 நிறுவனங்கள் தங்கள் உமிழ்வையும் சுற்றுச்சூழல் பொறுப்பையும் அறிக்கையாகத் தர வேண்டும் என்று பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2022–23இலிருந்து கட்டாயமாக்கியது. மூன்றாவது தெருக்காரர்கள் பலர் இங்கே போகிறார்கள். நேர்முகத்தில் ஒரு வலை விரிப்பார்கள்: 'ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி திருப்பூர் பனியனுக்கு எவ்வளவு?' இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்குப் போடும் வரி அது. இரும்பு, சிமென்ட், அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவைதான் இப்போது அந்தப் பட்டியலில், துணி இல்லை. இதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

13. "காலநிலையா பருவநிலையா? தமிழில் கட்டுரை எழுதினா மதிப்பெண் குறையுமா?"

நாளிதழ்கள் இரண்டையும் எழுதுகின்றன. நான் காலநிலை என்கிறேன். பருவம் என்றால் மழை, பனி, வெயில் என்ற சுற்று. அது மாறாமலேயே காலநிலை மாறலாம். ஆய்வேடு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். ஆனால் களத்துக்குப் போனால் தமிழ் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மீனவரிடம் 'கடல் மேற்பரப்பு வெப்பநிலை' என்று கேட்டுப் பயனில்லை. அவர் வாடை, சோழகம், கச்சான், நீரோட்டம் என்று பேசுவார். அந்தச் சொற்களைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதுங்கள், மொழிபெயர்த்து எழுதாதீர்கள். பெயர் ஊருக்கு ஊர் மாறும், எந்தத் திசைக் காற்று என்று கைகாட்டச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள்.

14. "மாதிரிகள் தப்பாகும்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் 2100ஐ எப்படி நம்புறது?"

எதற்கு நம்புகிறோம் என்பதைப் பொறுத்தது. மாதிரி என்பது பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் போடும் கணக்கு. பெரும்பாலான உலக மாதிரிகளில் ஒரு கட்டம் சுமார் 100 கி.மீ. அகலம். அதில் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மேடாக மழுங்கிவிடும், பாலக்காட்டுக் கணவாய் கண்ணுக்கே தெரியாது. கோவைக்கு வரும் காற்று எப்படி வருகிறது என்று அந்த மாதிரியிடம் கேட்பது நம் தவறு. 'என் மாவட்டத்தில் 2087இல் மழை எவ்வளவு' என்று எண் கேட்டு வருபவர்களிடம் நான் கொடுப்பதில்லை. எட்டாவது கேள்வியில் சொன்ன −999ஐக்கூட ஒருநாள் கண்டுபிடித்துவிடலாம். தவறான கேள்விக்கு வந்த சரியான எண்ணைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆனால் மொத்தப் பூமி எவ்வளவு சூடாகும் என்பது வேறு. 1967இல் சியுகுரோ மனாபே, ரிச்சர்ட் வெதரால்ட் இருவரும் இன்றைய கைப்பேசியைவிடப் பலவீனமான கணினியில், வளிமண்டலத்தை ஒரே ஒரு தூணாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் தரை சுமார் 2.3 டிகிரி சூடாகும், மேலே அடுக்கு மண்டலம் குளிரும் என்று வந்தது. சூரியன்தான் காரணம் என்றால் இரண்டும் சூடாகியிருக்க வேண்டும். பிறகு செயற்கைக்கோள்கள் அளந்தபோது கீழே சூடும் மேலே குளிரும்தான் தெரிந்தது. மனாபேவுக்கு 2021இல் நோபல் கிடைத்தது. 2021இல் ஐபிசிசி தந்த மதிப்பீடு 3 டிகிரி, பெரும்பாலும் 2.5க்கும் 4க்கும் நடுவில்.

எம்.எஸ்சி. முதல் பருவத்திலேயே அந்த ஒற்றைத் தூண் கணக்கை நீங்களே பைத்தானில் எழுதிப் பார்க்கலாம். இருநூறு வரிக்குள் அடங்கும். என் மடிக்கணினியில் அது ஓடி முடித்து, மேல் அடுக்கின் கோடு இடப்பக்கமாக, குளிரை நோக்கி நகர்ந்தபோது விடுதியில் மணி இரண்டரை. பக்கத்து அறைக்காரியை எழுப்பிக் காட்டினேன். "இதுக்கா எழுப்பினே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.